குண்டானில் சிவந்த பேரிக்காய்

இரண்டு வாரத்துக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். ஸ்டாஃப் ரூமில் டிபன் பாக்ஸைத் திறந்து, தயிர் சாதத்தின் எந்த மூலையில் ஊறுகாயை வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. அம்மா.

அம்மா அந்த நேரத்தில் கூப்பிடவே மாட்டார். அரவேணு பக்கத்தில் ஒரு எஸ்டேட்டில் கிரெச்சைப் பார்த்துக்கொள்கிறார். கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார்கள் காலையில் பிள்ளைகளை விட்டுவிட்டு, சாயங்காலம் வந்து தூக்கிப்போகும் இடம். மொத்தம் பதினோரு பிள்ளைகள். பாதிப் பேருக்கு நடக்கத் தெரியாது. மீதிப் பேருக்கு நிற்கத் தெரியாது, ஓட மட்டும்தான் தெரியும். மதியம் பன்னிரண்டரைக்கு அம்மாவுக்கு மூச்சு விடவே நேரம் இருக்காது.

"கண்ணு... பேரிக்கா செவந்து போச்சு."

"என்னது?"

"பேரிக்கா கண்ணு. பிள்ளைகளுக்குச் சக்கரை போட்டு வேக வெச்சேன். வெள்ளையாத்தான் போட்டேன். இப்பப் பாத்தா ரோஸ் கலர்ல கெடக்குது. எட்டுப் பிள்ளைக தின்னுட்டாங்க."

மலையில் இது பேரிக்காய்க் காலம். கிரெச்சுக்குப் பின்னாலேயே ஒரு மரம் நிற்கிறது. எங்கள் ஊர்ப் பேரிக்காய் எப்படி என்று வாசகர்களுக்குத் தெரியும் – எறிந்தால் ஆளுக்குக் காயம், கடித்தால் பல்லுக்குக் காயம். அதனால் அம்மா அதைத் தோல் சீவி, எலுமிச்சை பிழிந்து, மணிக்கணக்காக வேகவைத்து, மசித்துக் கொடுப்பார். வருஷா வருஷம் நடக்கிற வேலைதான். இந்த வருஷம் மட்டும் சிவந்துவிட்டது.

பின்னணியில் இன்னொரு குரல் கேட்டது. மகேஸ்வரி. மதிய இடைவேளையில் தன் பெண்ணைப் பார்க்க வந்திருக்கிறார். எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் அம்மாவுக்கு நாலு வீடு தள்ளி இருப்பவர். "அக்கா, அது மருந்தடிச்ச காயிங்க. வேகறப்ப மருந்து வெளிய வந்துருச்சு. பாருங்க, செவப்பா..."

சிவப்பு என்றால் மருந்து என்று ஏன் நினைக்க வேண்டும்? தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இது புரியும். எங்கள் எஸ்டேட்டில் பூச்சிமருந்து அடித்த தேயிலைக் காட்டின் முனையில், ஒரு குச்சியில் சிவப்புத் துணியைக் கட்டி நட்டுவைப்பார்கள். துணியை அவிழ்க்கிறவரை உள்ளே போகக் கூடாது, இலையைத் தொடக் கூடாது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத காலத்திலேயே எங்களுக்குப் படிக்கத் தெரிந்த ஒரே போர்டு அது.

இப்போது அந்தச் சிவப்பு, குண்டானுக்குள் இருக்கிறது.

அம்மா என்னிடம் கேட்டார். "நீ கெமிஸ்ட்ரிதான கண்ணு படிச்சிருக்க. இது என்னன்னு சொல்லு."

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். எம்.எஸ்ஸி. வரை போய், குன்னூரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கெமிஸ்ட்ரி எடுக்கிறேன். இதை நான் எங்கேயும் மறைத்ததில்லை. சொல்லப்போனால், சந்தர்ப்பம் கிடைத்த இடத்திலெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

அப்படிப்பட்டவளிடம் கேள்வி கேட்டால்? பதில் வர வேண்டாமா? மணி அடிக்க இன்னும் நாலு நிமிஷம்.

"எந்தப் பாத்திரத்துல வெச்ச?"

"அலுமினியக் குண்டான்ல."

"எலுமிச்சம்பழம்?"

"ரெண்டு பிழிஞ்சேன்."

"அதாம்மா. புளிப்புல அலுமினியம் கரைஞ்சு எறங்கிருச்சு. அது ஆகாது. கீழ கொட்டிடு. இனிமே அந்தக் குண்டானத் தொடாத."

என்ன தெளிவு, என்ன வேகம். பாடப்புத்தகத்தை மூடிவைத்துவிட்டுப் பதில் சொல்லும் ராங்க் மாணவி மாதிரி.

ஒன்றை மறந்துவிட்டேன். என் போன் என்றால் அம்மா ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். மகள் பேசுவது நாலு பேர் காதில் விழ வேண்டும் என்பது அவர் ஆசை. அன்றைக்கும் விழுந்தது.

"கேட்டீங்களாக்கா? டீச்சரே சொல்லிட்டாங்க, ஆகாதுன்னு" என்றார் மகேஸ்வரி.

போனை வைத்தபிறகுதான் உறைத்தது. என் அம்மா எட்டுக் குழந்தைகளுக்கு ஆகாததைக் கொடுத்துவிட்டார் என்று சர்டிபிகேட் கொடுத்தது வேறு யாருமில்லை... நான்தான்.

பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒருவருக்கும் வயிறு வலிக்கவில்லை, வாந்தி இல்லை. சாயங்காலம் எல்லாம் வழக்கம்போல் சட்டையில் மண்ணோடு வீடு போய்ச் சேர்ந்தன.

ஆனால் புதன்கிழமை காலை கிரெச்சுக்கு வந்தவை மூன்று.

மற்றவர்களில் சிலர் பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டார்கள். சிலர் லீவ் போட்டார்கள். மகேஸ்வரியும் லீவ். யாரும் சண்டைக்கு வரவில்லை, திட்டவில்லை. திட்டியிருந்தால் அம்மா பதில் சொல்லியிருப்பார். பேசாமல் இருப்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

சூப்பர்வைசர் வந்து எட்டிப் பார்த்திருக்கிறார். "வெள்ளிக்கிழம வரைக்கும் பாக்கலாமுங்க. பிள்ளைக வரலைன்னா கிரெச்சுக்கு வேற ஆளப் போட்டுட்டு, உங்கள மறுபடி காட்டுக்குத்தான் அனுப்போணும்" என்றாராம். மரியாதையாகத்தான் சொன்னாராம்.

அம்மா இருபத்தாறு வருஷம் கொழுந்து பறித்தவர். முட்டி தேய்ந்து, சரிவில் கால் ஊன்ற முடியாமல் போனபிறகுதான் கிரெச் வேலை கிடைத்தது. மறுபடி காடு என்றால், அந்த முட்டியோடு மறுபடி சரிவு. அதைவிடப் பெரிது ஒன்று உண்டு. பிள்ளைகள் தன்னை நம்பி விடப்படுவது அம்மாவுக்கு வேலை மட்டுமில்லை. அதைச் சொல்லும்போதே நிமிர்ந்து உட்காருவார்.

புதன் மத்தியானம் நான் என்ன பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன் தெரியுமா? எந்த உலோக அயனிக்கு நிறம் உண்டு, எதற்கு இல்லை. போர்டில் வரிசையாக எழுதிக்கொண்டே வந்தேன். தாமிரம் – நீலம். நிக்கல் – பச்சை. அலுமினியம் – நிறமற்றது.

சாக்பீஸ் அப்படியே நின்றுவிட்டது.

நிறமே இல்லாத ஒன்று எப்படிப் பேரிக்காயைச் சிவப்பாக்கும்? ஐந்து வருஷமாக நான் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவது. பரீட்சையில் தப்பாக எழுதினால் மார்க்கைக் குறைப்பது. என் அம்மா கேட்டபோது மட்டும் எங்கே போயிருந்தது?

அன்று சாயங்காலம் மார்க்கெட்டில் பேரிக்காய் வாங்கினேன். என் அறையில் இருப்பது ஒரே ஒரு எவர்சில்வர் பாத்திரம். தோல் சீவி, சர்க்கரை போட்டு, எலுமிச்சை பிழிந்து, அடுப்பைச் சிறிதாக வைத்துவிட்டு விடைத்தாள் திருத்த உட்கார்ந்தேன். ஒரு கட்டு முடித்துவிட்டு மூடியைத் திறந்தால்... ரோஸ். அலுமினியம் பக்கத்திலேயே வராத பாத்திரத்தில், அழகான ரோஸ்.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். முதலிலேயே செய்திருக்க வேண்டியது. விஷயம் இவ்வளவுதான். சில பேரிக்காய்களுக்குள் நிறமில்லாத ஒரு பொருள் இருக்கிறது. புளிப்போடு சேர்த்து நெடுநேரம் வேகவைத்து, மெதுவாக ஆறவிட்டால், அது சிவப்பு நிறமியாக மாறுகிறது. பிளம்ஸ் தோலிலும் செம்பருத்தியிலும் இருக்கிற நிறமிகளின் குடும்பம்தான். சிவப்பு வெளியே இருந்து வரவில்லை. காய்க்குள்ளேயே வெள்ளை வேஷத்தில் இருந்திருக்கிறது. சாப்பிடலாம். ஒன்றும் செய்யாது. எல்லாப் பேரிக்காயும் சிவக்காது. ஒரே மரத்துக் காய்கூட ஒரு தடவை சிவக்கும், ஒரு தடவை சிவக்காது. பழுத்த பக்குவம், புளிப்பின் அளவு, வேகும் நேரம் என்று அதற்குப் பல காரணம்.

அலுமினியத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். புளிப்பானதை அலுமினியப் பாத்திரத்தில் சமைத்து வைக்காமல் இருப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் அது வேறு சங்கதி. இந்தச் சிவப்புக்கு அது காரணமில்லை. வேறு வேறு இரண்டு விஷயங்களை நாலு நிமிஷத்தில் ஒன்றாக முடிச்சுப் போட்டது நான்.

அந்த ரோஸ் பேரிக்காயை ஒரு கிண்ணம் நிறையச் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. தப்பு செய்தவளுக்குக் கிடைக்க வேண்டிய அளவை மீறியே நன்றாக இருந்தது.

வியாழக்கிழமை லீவ். காரணம் என்ற இடத்தில் 'பேரிக்காய்' என்று எழுத முடியாதே? 'சொந்த வேலை' என்று எழுதிக் கொடுத்துவிட்டு அரவேணு பஸ் ஏறினேன்.

முதலில் சூப்பர்வைசரைப் பார்த்தேன். கிரெச் பக்கம் மருந்து அடித்தீர்களா என்று கேட்டேன். "பிள்ளைக இருக்கற எடமுங்க, அந்தப் பக்கம் டேங்க்கே கொண்டு போறதில்ல" என்றார். நிறத்தை வைத்து முடிவு செய்யாமல், மரத்தைப் பற்றி ஆளிடம் கேட்பது – இதையும் செவ்வாய்க்கிழமையே செய்திருக்கலாம்.

அப்புறம் அம்மாவிடம் என் திட்டத்தைச் சொன்னேன். இடைவேளையில் எல்லோரையும் கூப்பிட்டு, நிறமி என்றால் என்ன, அமிலம் என்றால் என்ன என்று படம் போட்டு விளக்கப்போகிறேன். சார்ட் பேப்பர்கூடக் கொண்டுவந்திருந்தேன்.

அம்மா சார்ட்டைப் பார்த்தார். "இத வெச்சு என்ன பண்றது கண்ணு? அவ பாத்தது கண்ணால. நீ காட்டறதும் கண்ணாலதான் காட்டோணும். மகேசு ஊட்டுக்குப் பின்னால மரம் நிக்குதில்ல? வா."

அன்றைக்கும் வந்திருந்த மூன்று பிள்ளைகளையும் கிரெச்சில் உதவிக்கு இருக்கும் அக்காவிடம் விட்டுவிட்டு, லைன் வீட்டுப் பக்கம் போனோம்.

மகேஸ்வரி வாசலில் பெண்ணுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தார். பெண் பெயர் தர்ஷினி, இரண்டு வயது. என் அம்மாவைக் கண்டதும் பாதிப் பின்னலோடு ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டது. மகேஸ்வரி எழுந்து நின்றார், எங்கே பார்ப்பது என்று தெரியாமல்.

"வாங்கக்கா. வாங்க டீச்சர்."

நான் ஆரம்பித்தேன். "செவ்வாக்கிழம போன்ல நான் சொன்னது தப்புங்க. அலுமினியம் காரணமில்ல."

"அத்தன உறுதியாச் சொன்னீங்களே டீச்சர்."

"ஆமாங்க. தெரியாமலே உறுதியாச் சொல்லிட்டேன்."

மகேஸ்வரி அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தார். சொல்லி முடித்தபிறகு மூச்சு கொஞ்சம் இலேசாக வந்தது என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

"அப்பன்னா மருந்துதானுங்க" என்றார் மகேஸ்வரி. நான் விட்டுக்கொடுத்த இடத்தை உடனே பிடித்துக்கொண்டார்.

அம்மா கேட்டார். "மகேசு, உன்ற மரத்துக்கு யாராச்சும் மருந்தடிச்சாங்களா?"

"எங்க மரத்துக்கா? ஆட்டுப்புழுக்கையத் தவிர அது எதப் பாத்துச்சு?"

"அப்ப அதுல நாலு காய் பறி. உன்ற பாத்திரம், உன்ற அடுப்பு. நீயே கிண்டு. நாங்க ரெண்டு பேரும் தள்ளி உக்காந்துக்கறோம்."

மகேஸ்வரி யோசித்தார். மாட்டேன் என்று சொல்ல அதில் இடமே இல்லை. எவர்சில்வர் பாத்திரத்தைக் கழுவினார். காய் சீவினார், சர்க்கரை போட்டார், எலுமிச்சை பிழிந்தார். நாங்கள் சுவரோரம் உட்கார்ந்திருந்தோம். தர்ஷினி என் அம்மாவின் மடியில்.

அரை மணி... வெள்ளை. முக்கால் மணி... வெள்ளை. ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. காய் குழைந்துவிட்டது. பாலாடை மாதிரி வெள்ளை.

"வெள்ளையாத்தான இருக்குதுங்க டீச்சர்" என்றார் மகேஸ்வரி. குரலில் பரிதாபம்கூட இருந்தது. "எங்க காய் மருந்தில்லாத காய். செவக்கல. நான் சொன்னதுதான் செரியாப் போச்சு."

எல்லாப் பேரிக்காயும் சிவக்காது என்று நேற்றுத்தானே படித்தேன்? இந்த மரம் சிவக்காத மரமாக இருந்தால்? மருந்துதான் என்பதற்கு நானே சாட்சியையும் தயார் செய்து கொடுத்த மாதிரி ஆகிவிடும். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஒரு ராத்திரிதான்.

அம்மா மட்டும் அசையவில்லை. "அடுப்ப அணைச்சுட்டு மூடி போட்டு வை மகேசு. அன்னிக்கும் நான் அப்படித்தான் மூடி வெச்சுட்டுப் பிள்ளைகளக் குளிப்பாட்டப் போனேன்."

மூடி வைத்தார். இடைவேளை ஆயிற்று. கொழுந்துப் பையை இறக்கிவைத்துவிட்டுச் சாப்பிட வந்த பெண்கள், ஒருவர் பின் ஒருவராக வாசலில் கூடிவிட்டார்கள். எதற்கு என்று கேட்கவே இல்லை. எஸ்டேட்டில் ஒரு மூடிய பாத்திரத்தைச் சுற்றி மூன்று பேர் உட்கார்ந்திருந்தால் அதுவே அழைப்பிதழ்.

"என்னடி உள்ள, பாம்பா?"

"பேரிக்கா."

"அதுக்கா இத்தன காவல்?"

அம்மா தலையசைத்தார். மகேஸ்வரி மூடியை எடுத்தார்.

ரோஸ்.

மகேஸ்வரி கரண்டியை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சுற்றி நின்றவர்களைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்.

"நான் ஒண்ணும் போடலீங்க."

அவ்வளவுதான். ஒருத்தி ஆரம்பித்த சிரிப்பு வாசல் வரை போய்த் திரும்பி வந்தது. "போலீஸக் கூப்புடுங்கடி" என்றது ஒரு குரல். "மகேசு ஆட்டுக்கு மருந்து வெச்சு, ஆடு மரத்துக்கு வெச்சிருக்கும்" என்றது இன்னொன்று. கடைசியில் மகேஸ்வரியும் சிரித்துவிட்டார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. மடியில் இருந்த தர்ஷினியின் பாதிப் பின்னலை முடித்துக்கொண்டிருந்தார்.

சிரிப்பு அடங்கியதும் ஒரு பெண் என்னிடம் கேட்டாரே ஒரு கேள்வி... எம்.எஸ்ஸி. வைவாவில்கூட அப்படி யாரும் கேட்டதில்லை.

"செரிங்க டீச்சர், மருந்தடிச்ச காயின்னா எப்படி இருக்கும்? என்ன கலரு?"

"ஒரு கலரும் இருக்காதுங்க. வெள்ளையாவே இருக்கும்."

"அப்ப எப்படித்தான் கண்டுபுடிக்கறது?"

"பாத்துக் கண்டுபுடிக்க முடியாதுங்க. எங்க காச்சது, யாரு என்ன அடிச்சாங்கன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கோணும். தெரியலைன்னா நல்லாக் கழுவி, தோல் சீவிச் சாப்பிடோணும். பூசணம் புடிச்சாலோ, புளிச்ச வாடை வந்தாலோ தூக்கிப் போட்டுறோணும்."

அந்தப் பதில் யாருக்கும் பிடிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. எனக்கும்தான் பிடிக்கவில்லை. ஆபத்து என்றால் அதற்கு ஒரு நிறம் இருக்க வேண்டும் என்று நமக்கு எவ்வளவு ஆசை! வெட்டிவைத்த ஆப்பிள் பழுப்பாகிறது, வாழைக்காய் கறுக்கிறது – பழகிவிட்டதால் பயமில்லை. திருவிழாவில் பிள்ளைக்கு ரோஸ் கலர் மிட்டாய் வாங்கிக் கொடுக்கிறோம். அந்த ரோஸ் எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்லை. தானாகச் சிவந்த பேரிக்காயைக் கண்டால் மட்டும் குலை நடுங்குகிறது. குச்சியில் சிவப்புத் துணி கட்டுவது மனிதர்கள்தான். பேரிக்காய் யாருக்கும் கொடி கட்டாது.

தர்ஷினி பாத்திரத்தை நோக்கிக் கையை நீட்டியது. மகேஸ்வரி, "இரு சாமி, அம்மா மொதல்ல" என்று ஒரு கரண்டி வாயில் போட்டார். விழுங்கினார். ஏதோ நடக்கும் என்று காத்திருக்கிற மாதிரி கூரையைப் பார்த்தார். இன்னொரு கரண்டி. மூன்றாவதைத் தன் கையாலேயே பெண்ணுக்கு ஊட்டினார்.

பிறகு, யாரையும் பார்க்காமல், பாத்திரத்தைப் பார்த்தே சொன்னார். "நாளைக்கு நான் வேலைக்குப் போகோணுமுங்கக்கா. ஏழரைக்கே கொண்டாந்து விட்டுறட்டுமா?"

"ஏன், ஏழுக்கே விடு" என்றார் அம்மா.

வெள்ளிக்கிழமை பதினோரு பிள்ளைகளும் வந்துவிட்டன. சூப்பர்வைசர் ஜன்னல் வழியாக எண்ணிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாராம். அம்மாவின் முட்டி, சரிவுக்குப் போகாமல், கிரெச் தரையிலேயே பத்திரமாக இருக்கிறது.

கதை இங்கே முடிந்துவிட்டது என்றுதான் போன வாரமே எழுத உட்கார்ந்தேன். நல்லவேளை, எழுதவில்லை.

நேற்று மதியம் மறுபடியும் அம்மாவின் போன். மறுபடியும் ஸ்பீக்கர். மறுபடியும் பேரிக்காய் வேகவைத்திருக்கிறார் – கிரெச் மரத்துக் காய்தான், புதிதாக வாங்கிய எவர்சில்வர் பாத்திரத்தில். கொஞ்சம் அதிகம் பழுத்த காய் போலிருக்கிறது. இந்தத் தடவை சிவக்கவில்லை.

பின்னால் மகேஸ்வரியின் குரல் தெளிவாகக் கேட்டது. "ஏனுங்கக்கா, இது ஏன் வெள்ளையாவே கெடக்குது? காயில ஏதோ இருக்குதுங்க. தர்ஷினிக்கு வேண்டாம். டீச்சரக் கேளுங்க."

மணி அடிக்க மூன்று நிமிஷம் இருந்தது. பதில்கூட எனக்குத் தெரியும்.

"பாத்துட்டுச் சொல்றேம்மா" என்றேன்.